மூலைவிட்டம் 20.12

பெப்ரவரி 9, திங்கள்
காலையில் பனிமூட்டம், நமுனுகுல மலை தெரியவில்லை. பாடசாலை முடிந்து 2.30க்கு வீடு.

கார்த்திகை மழையில் மண் சரிந்து மூடிய கரப்பந்துத் திடலைக் குடியிருப்பினர் மீண்டும் அமைக்கின்றனர். மண் அள்ளியாயிற்று. அளவு குறிக்கும் பொறுப்பு என்னுடையது. கணித ஆசிரியர் என்பதால்.

நீளம் 18 மீற்றர், அகலம் 9. மூலைவிட்டம் இரண்டும் 20.12 வர வேண்டும்; ஒன்று 19.93, மற்றது 20.31. செவ்வகம் அன்று. முளைகளைப் பிடுங்கச் சொன்னேன்.

"பந்துக்கு மூலைவிட்டம் தெரியுமாங்க மாஸ்டர்?" தேயிலைத் தொழிற்சாலைக் குமார். எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்திருக்கலாம்.

பெப்ரவரி 11, புதன்
வெயில். மாலை ஐந்துக்கு அளவுநாடா கேட்டுக் குமாரும் அவருடைய அக்கா செல்வியும் வந்தனர். செல்வி கொழுந்து பறிப்பவர். மலையிலிருந்து நேரே வந்திருந்தார். தேநீர் கொடுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம். இரண்டாவது குவளையை அலுமாரியிலிருந்து எடுத்தது இன்றுதான். மூன்றாவது இல்லாததால் நான் குடிக்கவில்லை.

"ஒத்தையாவா சமைச்சுச் சாப்பிடுறீங்க?" என்றார் செல்வி.

"ஓம்" என்றேன். மேலும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை: சுண்ணாம்பு, நூற்கயிறு, குவளை 2.

பெப்ரவரி 14, சனி
மூலைவிட்டம் இரண்டும் 20.12. ஆயினும் ஈரமண் காய்கையில் முளை நகரக்கூடும், நாளையும் அளக்க வேண்டும் என்றேன்.

"கோயில் கட்டறப்பகூட இம்புட்டு அளக்கல மாஸ்டர்" என்றார் குமார்.

இங்கே உண்மையை எழுதலாம். மண் ஏற்கெனவே காய்ந்துவிட்டது. முளை நகராது. கோடு போட்டு முடிந்தால் நாடா கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள்.

மனைவி சுமதியிடமிருந்து அழைப்பு. மகளுக்குப் பரீட்சை, இம்மாதமும் இருவராலும் வர இயலாதாம். நான்கு நிமிடம்.

பெப்ரவரி 15, ஞாயிறு
அளந்தோம். 20.12. வேறு காரணம் கிடைக்கவில்லை. கோடு போட்டு வலையும் கட்டியாயிற்று. நாடா திரும்பி வந்தது. புதுக் குவளைகள் கடதாசி சுற்றியபடியே.

பெப்ரவரி 22, ஞாயிறு
தேங்காய் உடைத்து 3.30க்கு முதல் ஆட்டம். நான் நடுவர், உயரமான ஸ்டூல், விசில். செல்வியின் பக்கம் ஐவர் மட்டுமே, ஆறாமவருக்குக் காய்ச்சல்.

"மாஸ்டர், எறங்குங்க. ஒரு ஆள் கொறையுது" என்றார் செல்வி.

"விதிப்படி நடுவர் விளையாட முடியாது."

"பாயிண்ட நாங்களே எண்ணிக்குவோம். மேல ஒக்காந்து என்னாங்க செய்யப் போறீங்க? எறங்குங்க."

இறங்கவில்லை. ஐவராகவே ஆடினர். 25–23. செல்வியின் பக்கத்துக்கு இரண்டே புள்ளியில் தோல்வி. சிரித்துக்கொண்டே கலைந்தனர்.

வீட்டுக்கு வந்து விதிநூலைப் பார்த்தேன். நான் சொன்ன வரி கிடைக்கவில்லை. மூன்று முறை தேடினேன். ஒவ்வொரு பக்கமும் அறுவர் இருந்தே ஆக வேண்டும் என்ற வரி இருக்கிறது.

பெப்ரவரி 24, செவ்வாய்
தூறல். 2.50 பஸ்ஸில் பண்டாரவளை. கன்வஸ் சப்பாத்து, அளவு 8. திரும்புகையில் குமாரிடம் அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"மணியெல்லாம் இல்லீங்க மாஸ்டர். பந்து சத்தம் கேட்டா வாங்க."

பெப்ரவரி 25, புதன்
மழை இல்லை. மாலை 5.10. சப்பாத்துக் கட்டியாயிற்று. ஜன்னல் திறந்திருக்கிறது. சத்தம் இதுவரை இல்லை.