நரி வராத கதை

ஜூன் 9, திங்கள்
மகிழிக்குச் சோறு இறங்க ஒரு கதை வேண்டும். இன்று ஆட்டுக்குட்டி மேயப் போனது, புதருக்குள் நரி என்றதுமே காதைப் பொத்திக்கொண்டாள். "நரி வேண்டாம்மா. சண்டையில்லாத கதை சொல்லு." முந்தாநாள் வரை நரியை இன்னொரு தடவை வரச்சொன்ன கழுதை!

நேற்று எனக்கும் இவருக்கும் பெரிய சண்டை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல், போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போக ஓனரிடம் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். ராத்திரியே சமாதானம். போகவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஜூன் 10
ஆட்டுக்குட்டி மேய்ந்தது. தண்ணி குடித்தது. வீட்டுக்கு வந்தது. "அப்பறம்?" என்றாள். மறுநாளும் மேய்ந்தது. எனக்கே கொட்டாவி வந்தது. பாதித் தட்டு மிச்சம்.

ஜூன் 12
நரியை நல்லவனாக்கிப் பார்த்தேன். ரெண்டும் சேர்ந்து முறுக்கு தின்றன. "நரிக்குக் கோவம் வந்தா?" என்று கேட்டுவிட்டு எழுந்தே போய்விட்டாள். பிள்ளை இளைத்துவிட்டாள். என்னதான் ஆச்சு இவளுக்கு?

ஜூன் 15, ஞாயிறு
தலை பின்னும்போது கேட்கிறாள்: "அப்பாகூட இன்னும் சண்டையாம்மா?"

தூக்கிவாரிப்போட்டது. நான் கத்தியதும் இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்ததும் அவள் கண் முன்னால். சமாதானம்? அவள் தூங்கின பிறகு. எங்கள் வீட்டில் எப்பவும் இப்படித்தானே – பாவம், ஒரு சண்டை முடிந்துகூட அவள் பார்த்ததில்லை.

ஜூன் 16
இவரிடம் சொன்னேன். சாயங்காலம் அவள் தட்டுக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்தார். "செல்வி, உன்னயக் கேக்காம ஒத்துக்கிட்டது என்னோட தப்பு."

"நானும் அத்தன பேசியிருக்க வேண்டாமுங்க."

நாடகம் மாதிரிதான் ஆரம்பித்தோம். இவர் குரல் கம்மியதும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. மகிழி எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சாமி" என்றார்.

ஜூன் 18
காலையில் கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறந்ததற்கு இவரைப் பிடித்துக்கொண்டேன். மகிழி பல் துலக்கிக்கொண்டே, "எப்ப முடிப்பீங்க?" என்றாள். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, சண்டை அங்கேயே நின்றுபோனது. என் தங்கம்.

சாயங்காலம் ரசம் சோறு. ஆட்டுக்குட்டி மேய்ந்தது, தண்ணி குடித்தது, வீட்டுக்குக் கிளம்பியது. வாய் நிறையச் சோற்றோடு என் முழங்கையைத் தட்டினாள்.

"நரி எங்கம்மா போச்சு? வரச் சொல்லு."