பயத்தைப் பற்றிய புத்தகம்

திரிங்காப்

அன்புள்ள குணவதிக்கு,

நீயும் மகளும் சுகமா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பயப்படாதே.

போன மாதம் தோட்டத்தில் லோரியில் முட்டைக்கோஸ் ஏற்றும்போது நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிட்டேன். இருதயம் நன்றாக இருக்கிறது, மனசுதான் களைத்திருக்கிறது என்று சொல்லி டாக்டர் கவுன்சலரிடம் அனுப்பினார். அந்த அம்மா நிதானமாகப் பேசிவிட்டு, பயத்தைப் பற்றிய சின்னத் தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். "படிங்க. மனசுல பட்டத வந்து என்கிட்ட பேசுங்க, புத்தகம் மட்டும் போதாது" என்றார்.

அதைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். என் அறையில் தங்கும் லோரி ஓட்டுநர் சிவனேஸ்வரன் எடுத்துவிட்டான். கேலி செய்வான் என்று நினைத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "அண்ணே, எனக்கும் இப்படித்தான் லா. அடுத்த தடவ நானும் கூட வரட்டா?" என்றான். இப்போது இருவரும் சேர்ந்தே போகிறோம். படபடப்பு குறைந்திருக்கிறது.

இந்த மலையில் குளிர் அதிகம், என் கறுப்பு சுவெட்டரை அனுப்பு. கொஞ்சம் இட்லிப் பொடியும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நான் பேசாமல் இருந்தாலும் போனை வைத்துவிடாதே. என்ன சமைத்தாய் என்றாவது சொல்லிக்கொண்டே இரு.

கடிதத்தை டவுனுக்கு எடுத்துப்போக ஆள் காத்து நிற்கிறார்.

உன்
யுகேந்திரன்