இரண்டாவது டிஸ்க்

பிளாக் 21, நெய்வேலி
3-6-2025

அன்புள்ள சத்யா,

நீ நலமா? நான் நலம்னு எழுதினா பொய். போன் போட்டா நீ எடுக்கறதில்ல, மெசேஜ் படிச்சிட்டுப் பேசாம விட்டுடற. லெட்டர்னா கிழிச்சுப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது படிப்பன்னுதான் எழுதறேன்.

நீ கட்டிக் கொடுத்த சர்வர் பெட்டி ஞாயித்துக்கிழமையிலிருந்து டிக் டிக்குனு அடிக்குது. மேல் டிஸ்க்கோட விளக்கு சிவப்பாயிடுச்சு. கீழ் டிஸ்க் இன்னும் பச்சை, ரெண்டுலயும் இருக்கறது ஒன்னேதான்னு நீ சொல்லியிருக்க. நம்ம புள்ள அதுக்குள்ளதான் இருக்கான் சத்யா. அஸ்வின் பொறந்த நாள்லேருந்து, அந்தக் காய்ச்சல் வர்றதுக்கு முந்தின வாரம் வரைக்கும், ஏழு வருஷத்து போட்டோ, வீடியோ எல்லாம் அதுலதான். வேற எங்கயும் காப்பி கிடையாது. கிளவுடுல ஒன்னு போட்டு வைப்போம்னு நீ சொன்னப்போ, "என் புள்ளைய எவன் கம்ப்யூட்டர்லயோ எதுக்குக் குடிவைக்கணும்"னு கத்தினவன் நான்தான். ஒத்துக்கறேன்.

மந்தாரக்குப்பத்துல கோபாலகிருஷ்ணன் கடையில மூணு தினுசு டிஸ்க் காட்டறார். கேமராவுக்குன்னு ஒன்னு, சர்வருக்குன்னு ஒன்னு, சாதாரணமா ஒன்னு. எதை வாங்கறது? ஸ்கூல்ல அத்தனை கம்ப்யூட்டரையும் கட்டி மேய்ச்சவ நீ. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மைன்ஸ்ல தண்ணி இறைக்கிற பம்புதான். ஒரு பம்ப் நின்னா ஸ்டாண்ட்பையை அந்த நிமிஷமே ஃபுல் லோடுல ஓட்டிவிட்டுட்டு, நின்னதைக் கழட்டி வேற மாட்டுவோம். இதுவும் அப்படித்தானா?

என் மேல இருக்கற கோவத்தை அவன் மேல காட்டாதே. உன் கால்ல விழுந்து கேக்கறேன்.

உன்
ராஜ்மோகன்

—

நெல்லிக்குப்பம்
6-6-2025

அஸ்வின் அப்பாவுக்கு,

லெட்டர் கிடைச்சது. நான் நல்லாத்தான் இருக்கேன். அண்ணன் வூட்ல யாருக்கும் ஒரு குறையும் இல்ல. விஷயத்துக்கு வரேன்.

முதல்ல பெட்டியை அணைச்சிடுங்க. டிஸ்க்கு ஒன்னும் உங்க பம்பு இல்ல. ஸ்டாண்ட்பையைத் தட்டிவிடற வேலையெல்லாம் மைன்ஸோட நிக்கட்டும்.

அந்த ரெண்டு டிஸ்க்கும் ஒரே கடையில, ஒரே நாள்ல, ஒரே அட்டைப்பெட்டியிலேருந்து வாங்கினது. அஞ்சு வருஷமா ஒரே மாதிரி ஓடிக்கினு இருந்துச்சுங்க. ஒன்னு போச்சுன்னா இன்னொன்னும் போற வயசுதான். இப்ப புதுசை மாட்டி, சரிபண்ணுன்னு அமுக்கினீங்கன்னா, புதுசுல காப்பி எழுதறதுக்காக, மிச்சமிருக்கிற அந்தக் கிழட்டு டிஸ்க்கை ஒரு பொழுது பூரா விடாம படிக்கும். அதுலயே அதுவும் செத்துப்போகும்.

அதனால இப்ப சர்வர் டிஸ்க்கே வாங்க வேணாம். வெளியில சொருகற சின்ன டிஸ்க் ஒன்னு வாங்குங்க. பெட்டியைப் போட்டு, அஸ்வின் ஃபோல்டரை மட்டும் அதுல இறக்குங்க. வேற எதையும் திறக்காதீங்க, பாக்காதீங்க. இறங்கினதும் பழையபடி அணைச்சிடுங்க. அப்புறமா சர்வருக்குன்னு விக்கிறதுல ரெண்டு வாங்குங்க, ஆனா ரெண்டையும் ஒரே கடையில வாங்காதீங்க. ஒன்னு மந்தாரக்குப்பம், ஒன்னு கடலூர். சாதா தினுசு வேணவே வேணாம், அது நிறைய எழுதச் சொன்னா மூச்சு வாங்கும்.

வேளைக்குச் சாப்பிடுங்க.

சத்யப்பிரியா

—

பிளாக் 21, நெய்வேலி
12-6-2025

சத்யா,

எல்லாம் போச்சு.

உன் பதிலை எதிர்பார்த்து எதிர்பார்த்து, ஞாயித்துக்கிழமை நானே போய் சர்வர் டிஸ்க் ஒன்னு வாங்கிட்டு வந்துட்டேன். திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து மாட்டினேன். அமுக்கினேன். அறுபத்துமூணு சதவீதம் ஓடிச்சு. அப்புறம் கீழ் டிஸ்க் கரகரன்னு ஒரு சத்தம் போட்டுது. அவ்வளவுதான், அதுவும் சிவப்பு. எத்தனை தடவை அணைச்சுப் போட்டாலும் சிவப்பு. அய்யோ, என் கையாலயே பண்ணிட்டேனே!

இன்னிக்கு மத்தியானம் உன் லெட்டர் வருது. அதுல என்ன செய்யக்கூடாதுன்னு எழுதியிருக்கியோ, அதை ஒன்னு விடாம செஞ்சிருக்கேன்.

மேல ஆறாந்தேதின்னு போட்டிருக்க. கவர்ல தபால் முத்திரை பதினொன்னு. ஆறாந்தேதியே போட்டிருந்தா திங்கட்கிழமை காலைலயாவது வந்திருக்கும். நான் சாயந்திரம்தான் அமுக்கினேன். நடுவுல அஞ்சு நாள் இது எங்க இருந்துது? எனக்கு பதில் சொல்லு.

ராஜ்மோகன்

—

நெல்லிக்குப்பம்
15-6-2025

அஸ்வின் அப்பாவுக்கு,

என் கைப்பையில இருந்துச்சு.

தபால் ஆபீஸ் மேல பழி போட்டு எழுதிடலாம்னு பார்த்தேன். மனசு வரல. ஆறாந்தேதியே எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, பையில வெச்சேன். தினம் தபால் பெட்டியைத் தாண்டித்தான் கடைக்குப் போறேன். போடல. ஒரு போன் போட்டு "அமுக்காதீங்க"ன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருக்கலாம். போனும் அதே பையிலதான் கெடந்துச்சு.

அந்தப் பெட்டி செத்துப் போவட்டும்னு நெனச்சேங்க. சத்தியமா நெனச்சேன். பெத்தவ நெனக்கிற நெனப்பா இது? அவன் போனதுலேருந்து ரெண்டு வருஷமா, ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் செருப்பைக் கழட்டறீங்களோ இல்லையோ, அது முன்னாடி உக்காந்துடுவீங்க. நீங்க அவனோட குடித்தனம் நடத்தினீங்க, நான் அந்த வூட்ல சோறு வடிச்சு வெக்கிறவ. அஸ்வின்னு நான் வாயெடுத்தா போதும், "இரு, இதைப் பாரு"ன்னு ஒரு வீடியோவைப் போட்டு என் வாயை அடைச்சிடுவீங்க. என் புள்ளையப் பத்தி எனக்கும் சொல்ல இருந்துச்சு. அழ இருந்துச்சு. அந்தப் பெட்டி போனாத்தான் நீங்க என் பக்கம் திரும்புவீங்கன்னு தோணிடுச்சு.

அஞ்சாவது நாள் பயம் புடிச்சுது. ஓடிப்போய்ப் போட்டேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்திருக்கு.

அவனை நான் ரெண்டாவது தடவை சாவடிச்சிட்டேன். என்னைத் திட்டுங்க. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் கையெழுத்துப் போட்டுத் தரேன்.

சத்யா

—

பிளாக் 21, நெய்வேலி
20-6-2025

சத்யா,

உன் லெட்டரை வாசல் கேட்டுகிட்டயே நின்னு படிச்சேன். உள்ளே வந்து தண்ணிக் குடத்தை எட்டி உதைச்சேன். நெல்லிக்குப்பம் வந்து தெருவுல நிக்கவெச்சுக் கேக்கணும்னு சட்டை கூட மாட்டிட்டேன். இப்பவும் கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு.

லீவு போட்டுட்டு ரெண்டு டிஸ்க்கையும் சென்னைக்கு, செத்த டிஸ்க்லேருந்து எடுத்துத் தர்ற கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். பிரிச்சுப் பார்த்துட்டு, உள்ள இருக்கிற தட்டெல்லாம் உரசி வழுவழுன்னு தேஞ்சு போச்சு, எடுக்க ஒன்னுமில்லைன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. பஸ்ல மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தேன்.

ஆனா நான் உனக்கு மறைச்சது ஒன்னு இருக்கு. டிஸ்க் வாங்கின ஞாயித்துக்கிழமை கோபாலகிருஷ்ணன் என்கிட்ட நீ எழுதினதையேதான் சொன்னார். "முதல்ல காப்பி எடுங்க சார், அதுவரைக்கும் பெட்டியைத் தொடாதீங்க, வீடியோ கீடியோ போட்டுடாதீங்க"ன்னு. தெரிஞ்சுதான் அமுக்கினேன். காப்பி எடுக்கணும்னா அன்னிக்குப் பாக்க முடியாது. புதுசை மாட்டிட்டா, அது பாட்டுக்கு சரிபண்ணிக்கிட்டு இருக்கும், நான் பாட்டுக்குப் பாக்கலாம். ஒரு சாயந்திரம் என்னால இருக்க முடியல சத்யா. மாட்டிட்டு, அந்தக் கிழட்டு டிஸ்க்கை ஒரு பக்கம் அது இழுக்க, ஒரு பக்கம் நான் இழுக்க, அவன் சைக்கிள் ஓட்டினதையே திரும்பத் திரும்பப் போட்டேன். பதினோராவது தடவை பாதியில நின்னுது.

உன் லெட்டர் திங்கட்கிழமை காலைல வந்திருந்தாலும் நான் அமுக்கித்தான் இருப்பேன். அதனால அந்தச் சாவை நீ சுமக்காதே. அது என்னோடது.

ஒரு வாரமா வேலை முடிஞ்சு வந்து எங்க உக்காரறதுன்னே தெரியல. நேத்து அவன் குரலை நினைச்சுப் பார்த்தேன், வரல. பயந்துட்டேன். சிரிப்பு வருது, பேச்சு வரல. உனக்கு வருதா?

வீட்டுக்கு வான்னு கூப்பிட எனக்கு வாய் இல்ல. 29-ம் தேதி ஞாயித்துக்கிழமை எனக்கு ஆஃப். காலைல பத்து மணிக்கு நெல்லிக்குப்பம் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். பன்னெண்டு வரைக்கும் பாத்துட்டு, நீ வரலைன்னா வந்த பஸ்ஸுலயே திரும்பிடறேன், உன் அண்ணன் வாசலுக்கு வந்து சங்கடப்படுத்த மாட்டேன். வந்தா நீ அவனைப் பத்திப் பேசு. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. நான் குறுக்கே பேசாம கேக்கறேன்.

ராஜ்மோகன்