வாலைப் பிடிச்ச கை

என்ரை ராசாத்திக்கு,

சனிக்கிழமை நான் ஏரியில பிடிச்ச பாஸ் மீனைப் பார்த்தீரெண்டா மயங்கி விழுவீர்! அங்க உங்களுக்கு மாரி, சிட்னியில இப்பதான் வசந்தம். தண்ணி கொஞ்சம் சூடேற, மீனெல்லாம் கரைக்கு வந்திட்டுது. தூண்டிலைக் கவ்வினவுடனே மேல பாய்ஞ்சு தலையை உதறிச்சுது பாரும், ஐயோ, தூண்டிலை ரெண்டு கையாலையும் இறுக்கிப் பிடிச்சன்!

“டோன்ட் லெட் கோ, டார்லிங்!” எண்டு பக்கத்தில ஒரே கத்தல்.

படம் வைச்சிருக்கிறன். மீன்ரை தலையைப் பிடிச்சிருக்கிறது நான். வாலைப் பிடிச்சிருக்கிற வெள்ளைக் கை ஆரின்ரையெண்டு என்ரை அம்மாவிட்டைப் போய்க் கேளாதையும். அவவுக்கும் தெரியாது.

புருஷன் கெதியா சிட்னிக்குக் கூப்பிடோணுமெண்டு கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் தண்ணியோட இருக்கப்போறனெண்டு எழுதியிருந்தீர். நானும் இங்க விரதமெண்டு நினைச்சீராக்கும். சஷ்டி தொடங்கின அண்டைக்குத்தான் இந்த மீன் பிடிபட்டது. வாலைப் பிடிச்சவளின்ரை குசினியிலயே பொரிச்சுச் சாப்பிட்டனாங்கள். என்ன ருசி!

கவருக்குள்ள விசாவுக்கு ஸ்பொன்சர் கடிதம் தேடாதையும். படம் மட்டும்தான்.

இது வந்து சேரேக்கை உம்முடைய விரதம் முடிஞ்சிருக்கும். அடுத்த வருஷம் எனக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். வடிவாச் சாப்பிடும்.

இப்படிக்கு,
படத்தில தலைப்பக்கம் நிற்கிறவன்