சின்னவளுக்கு ஒரு பாட்டில் ஜூஸ்

அடியே சின்னவளே,

நேத்து மத்தியானம் அம்மா ஜூஸ் பாட்டிலோட மூச்சிரைக்க உன் வீட்டுக்கு ஓடி வந்தாளாமே. நீ கதவைத் திறந்து, "எனக்கு ஒண்ணுமில்லம்மா"ன்னதும், போன்ல யாரோ நம்பர் மாத்திப் போட்டுட்டாங்கன்னு ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்களாம். சாயங்காலம் அம்மாவே போன்ல சொன்னா. நானும் சிரிச்சு வச்சேன்.

எனக்கு உன்மேல எப்பவும் பொறாமைதான். உனக்குச் சர்க்கரை இறங்கினா கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், வீடே ஓடி வரும். எனக்குத் தைராய்டு. உடம்பு ஊதும், குளிரும், மாடிப்படி ஏற முடியாது. அதுக்கு நம்ம வீட்டுல பேரு சோம்பேறித்தனம். பத்து வருஷமா வெறும் வயித்துல மாத்திரை போடுறேன். அது என்ன நிறம்னு அம்மாவைக் கேட்டுப் பாரு. அந்த எரிச்சல்லதான் உனக்கு வர்றது நடிப்புன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.

நடிப்பில்லடி. நேத்து சாப்பிடாம கம்பெனியில தையல் மெஷின்ல உக்காந்திருக்கும்போதே எனக்குக் கை உதறுச்சு, கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. பக்கத்து மெஷின்காரி என் வாயில சர்க்கரையைப் போட்டா. சூப்பர்வைசர் அம்மாவுக்குப் போன் பண்ணி, "உங்க பொண்ணு மயங்கி விழுந்துட்டாங்க"ன்னார்.

எந்தப் பொண்ணுன்னு அம்மா கேக்கவே இல்ல.

இப்படிக்கு,
பெரியவ