கண்ணோரத்துச் சிவப்பு

அக்டோபர் 3, 1922

காலையில் இரண்டு முறை முகம் மழித்தேன். ஒரு முறை போதும் என்றிருந்த காலம் போன வருடத்தோடு போயிற்று.

முகோஜிமாவில் நாங்கள் படம் பிடிக்கிற கண்ணாடிக் கொட்டகைக்கு இன்று புது டைரக்டர் வந்தார். குஸுமி என்று பெயர். இருபத்தாறு வயது, கழுத்தில் பட்டுக் கைக்குட்டை. பழைய டைரக்டர் வயிற்றுப்புண்ணோடு ஊருக்குப் போய்விட்டதால் படகுக்காரன் மனைவி கதை பாதியில் இவர் கைக்கு வந்திருக்கிறது. படகுக்காரன் மனைவி நான்தான். முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை, படத்தில் இருபது வயதுப் பெண். ஏழு வருடமாக இந்தக் கம்பெனியின் கதாநாயகி.

வந்ததும் காமிராவைத் தூக்கச் சொன்னார். பன்னிரண்டு அடி தள்ளி நிற்கும் காமிரா அது. அதன் கால் பதிந்த பள்ளமே தரையில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து என் மூக்குக்கு மூன்றடியில் வைத்தார்.

"என்னங்க இது, படம் எடுக்கவா, பல்லு புடுங்கவா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"குளோசப், சுமிநோசுகே-சான். இனிமே முகம் தெரியணும்."

"ஏழு வருஷமா தெரியாமலா இருந்துச்சு?"

சரி, வரட்டும். இந்த முகத்தைப் பார்க்க அசாகுசா தியேட்டர் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். கிட்டே வந்து பார்த்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

அக்டோபர் 5

என் கையை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மனைவி கடிதம் படிக்கிற காட்சி. கடிதத்தைப் பிடித்த கை மட்டும் பெரிதாகத் தெரிய வேண்டுமாம். குஸுமி காமிராவுக்குள் பார்த்தார், தலையை எடுத்தார், மறுபடி பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, "கொஞ்சம் ஓய்வெடுங்க" என்றார். தையல் அறையிலிருந்து தோமியேவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பத்தொன்பது வயதுப் பெண், எங்கள் உடுப்புகளைத் தைப்பவள், துவைப்பவள். என் கிமோனோவை அவளுக்குப் போட்டு, அவள் கையைப் படம் பிடித்தார்கள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு! அந்தக் கை போதுமாம்.

கையில் என்ன இருக்கிறது? நடிப்பது முகம்தானே.

அக்டோபர் 9

இன்று பின்கழுத்து. அதுவும் தோமியே.

அக்டோபர் 10

வீட்டில் என் மனைவி ஒஷிகேயிடம் கையைக் காட்டிக் கேட்டேன், "இது ஆம்பளைக் கை மாதிரியா இருக்கு?" என்று. முள்ளங்கி ஊறுகாய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஏங்க, பதினோரு வருஷமா அந்தக் கையை நம்பித்தானே குடும்பம் நடத்துறேன். ஆம்பளைக் கையின்னுதான் நெனச்சேன்" என்றாள்.

இதற்கு எப்படிக் கோபப்படுவது? பட்டேன். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 12

அழுகைக் காட்சி. குளோசப். கை போனது, கழுத்து போனது, முகம் என்னுடையது. யாரும் மாற்ற முடியாது.

கண்ணாடி முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். வெள்ளை பூசி, கண்ணோரத்தில் சிவப்பு வைத்தேன். பெண் வேடத்தின் உயிரே அந்தச் சிவப்புதான் என்று, நாடக மேடையில் இருந்த காலத்தில் குருநாதர் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. கிட்டே வந்து பார்க்கப் போகிறார்களே என்று வழக்கத்தைவிட ஒரு பூச்சு கூடுதலாகவே வைத்தேன்.

உடுப்போடு வந்த தோமியே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அண்ணே, செவப்பு படத்துல கறுப்பா விழும். நான் தைக்கிற செவப்புத் துணியெல்லாம் திரையில கறுப்பாத்தான் வருது."

"எனக்கே சொல்லித்தரியா? நீ ஊசி புடிக்கிறதுக்கு முன்னாடியே நான் இதைப் பூசிட்டேன்."

"தூரத்துல தெரியலை. இப்ப கிட்ட வந்துட்டாங்களே."

"போ போ, போய்த் துணியைத் துவை."

போகிற போக்கில் அவள் சொன்னது: "அதான் துவைக்கிறேனே. நீங்க ஒவ்வொரு தடவையும் கிமோனோ கையைக் கடிச்சிக்கிட்டு அழறீங்க. மை, வெள்ளை, எச்சில் எல்லாம் அதுலதான். எந்தப் பொம்பளை அண்ணே துணியைக் கடிச்சிக்கிட்டு அழுவா? துவைக்கிறது யாரு?"

என்ன வாய்! பெண்பிள்ளை அழுகையைப் பற்றி எனக்குச் சொல்ல வந்துவிட்டாள். கிமோனோ கையைக் கடித்துக்கொண்டே அழுதேன். நன்றாக வந்தது. குஸுமிகூட ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 27

அசாகுசா தியேட்டரில் முதல் நாள், பகல் ஆட்டம்.

பின்வரிசையில் ஒஷிகேயோடு உட்கார்ந்தேன். திரைக்குப் பக்கத்து மேடையில் இவாமி. சத்தமில்லாமல் ஓடுகிற படத்தில் எல்லோருக்கும் பக்கத்திலிருந்து குரல் கொடுக்கிற பேச்சுக்காரர். ஏழு வருடமாக என் வாய்க்கு அவர்தான் குரல். தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் அந்தக் கீச்சுக் குரலைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

அழுகைக் காட்சி வந்தது. திரை முழுக்க என் முகம். இரண்டு கண்ணோரமும் கன்றிப்போய்க் கறுப்பு. குத்து வாங்கிய கண் மாதிரி. ஐயோ, அந்தப் பெண் சொன்னாளே! சொன்னாளே!

முன்வரிசையிலிருந்து ஒருத்தன், "மாமோய்! யாரு உன் கண்ணுல குத்தினது?"

தியேட்டரே சிரித்தது. ஆரஞ்சு விற்கிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். ஒஷிகே என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது.

அப்போது இவாமியின் குரல். என் குரல். கதறவில்லை, மெல்லச் சொன்னார்: "யாருமில்லீங்க. எம் புருஷன்தான். குடிச்சா அடிப்பாரு. ஆனா நல்லவரு."

சிரிப்பு அப்படியே அடங்கியது. "அடப் பாவி" என்றாள் ஒரு கிழவி. மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. என் கண்ணோரக் கறுப்பைப் பார்த்து அழுதார்கள்!

கதைப்படி அந்தப் புருஷன் உத்தமன். வெள்ளத்தில் அடுத்தவன் குழந்தையைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறவன். கடைசி ரீலில் அவன் மூழ்கியபோது தியேட்டர் கை தட்டியது.

வெளியே வந்து இவாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சிக்க சுமி. வேற ஒண்ணும் தோணலை" என்றார்.

"தெய்வமே" என்றேன்.

அக்டோபர் 28

குஸுமி என்னையும் இவாமியையும் கொட்டகையில் நிறுத்திவைத்துத் தொப்பியைத் தரையில் அடித்தார். "என் கதாநாயகன் பொண்டாட்டியை அடிக்கிறவனா? ஒருத்தர் கண்ணுக்காக என் படத்தையே கவுத்துட்டீங்களே!"

தோமியே ஒன்றும் சொல்லவில்லை. 'நான்தான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

நவம்பர் 15

ஆபீசிலிருந்து முடிவு வந்துவிட்டது. புத்தாண்டு முதல் பெண் வேடத்துக்குப் பெண்கள். பெண் வேஷம் போடுகிற எங்கள் பதினொரு பேருக்கும் ஒப்பந்தம் டிசம்பரோடு சரி. அடுத்த படத்தின் கதாநாயகி தோமியே.

தையல்காரி.

நவம்பர் 16

நான் என்ன செய்வேன்? ஆம்பளை வேஷம் போடலாமே என்கிறார்கள். இன்று ஒத்திகை பார்த்தேன். வாளை எடுத்தால் முழங்கால்கள் தாமாகச் சேர்ந்துகொள்கின்றன. நடந்தால் பாதம் உள்ளே திரும்புகிறது. காமிராக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். இருபத்தாறு வருடம் பொம்பளையாவே நின்னு உட்கார்ந்து எழுந்தவன்டா நான், ஒரு ராத்திரியில மாத்திக்கிட முடியுமா?

டிசம்பர் 4

நாடக மேடைக்கே திரும்பிப் போகலாம் என்று குருநாதர் வீட்டுக்குப் போனேன். ஏழு வருடமாகப் போகாத வீடு. படத்தில் நடிப்பவர்களை மேடைக்காரர்கள் மண்ணாட்டக்காரன் என்பார்கள். நாங்கள் ஆடுவது மண் தரையில், அவர்கள் ஆடுவது தேவதாருப் பலகையில். மண்ணில் ஆடியவன் மறுபடி பலகையில் கால் வைக்கக் கூடாது. அது அவர்கள் கட்டுப்பாடு. தெரிந்தேதான் போனேன். பத்து வயதிலிருந்து அவர் சோறு தின்று வளர்ந்தவன், மனசு இளகாதா?

வாசல் கதவுக்கு உள்ளே, செருப்புக் கழற்றும் மண் தரையில் நின்றேன். எதிரே முழங்கால் உயரத்தில் பலகைத் தளம். குருநாதர் வந்து அதில் உட்கார்ந்தார். எழுபது வயதுக்கு நல்ல தெம்பு. குளிரைப் பற்றிப் பேசினார். என் மனைவியை விசாரித்தார். "மேலே வா" என்று மட்டும் சொல்லவில்லை.

தேநீர் வந்தது. பலகையின் விளிம்பில் தட்டை வைத்தார்கள். நின்றபடியே குடித்தேன்.

"ஐயா, கூட்டத்துல கடைசியா நின்னாக்கூடப் போதும்" என்றேன்.

"உன் நடிப்புல குறை சொல்லலைடா. நீ எங்கே நின்னு நடிச்சேங்கிறதுதான். உன்னை ஏத்தினா நாளைக்கு எல்லாரும் வருவானுங்க." என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "கண்ணோரத்துல செவப்பு வைக்கிறதை விடலையே?"

"விடலைங்க."

"நல்லது" என்றார்.

காலி கோப்பையை விளிம்பிலேயே வைத்துவிட்டு வந்தேன். பாலம் வரைக்கும் அழவில்லை. பாலத்தில் அழுதேன். மனுஷனா அவரு! தேநீரை வேற கொடுத்து அனுப்பறாரு.

டிசம்பர் 29

மேக்கப் பெட்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்தேன். தோமியே வாசல்வரை வந்தாள். "அண்ணே, எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. அந்த முன்வரிசைக்காரன் என்னையும் கேட்பானில்ல?"

"கேட்பான்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"உனக்கும் இவாமி இருக்காரு" என்றேன். வேறு என்ன சொல்ல? சாபம் கொடுக்கத்தான் வாய் வந்தது. அந்தச் சிவந்த, வெடித்த கைகளைப் பார்த்ததும் வரவில்லை.

ஜனவரி 20, 1923

சும்மா இருக்கிறேன். ஒஷிகே அண்டை வீட்டுக்காரர்களுக்குத் துணி தைக்கிறாள்.

மார்ச் 11

இவாமி வந்தார். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி வந்திருந்தார். தின்று முடிக்கும் வரை விஷயத்துக்கு வரவில்லை.

"தோமியே படத்தை ஓட்டிப் பார்த்தேன், சுமி. என்னால முடியலை. உன் மூஞ்சிக்கு என் கீச்சுக் குரல் பொருந்துச்சு. நீயும் வேஷம், நானும் வேஷம். அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு அதைக் கொடுத்தா பூனையை மிதிச்ச மாதிரி இருக்கு. பொம்பளைக் குரலை மட்டும் நீ பேசு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"என் வேலையைப் புடுங்கினவளுக்கு நான் வாய் கொடுக்கணுமா?"

"ஆமா."

"முடியாது. எழுந்து போங்க."

போனார். சமையலறையிலிருந்து ஒஷிகே எட்டிப் பார்த்தாள். "கெழங்கு நல்லாயிருந்துச்சில்ல?" என்றாள். எதையும் நேராகச் சொல்ல மாட்டாள். அதுதான் அவள் வழக்கம். வீட்டில் சம்பளம் இல்லை என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது.

மார்ச் 13

இவாமி வீட்டுக்குப் போய்ச் சரி என்றேன்.

ஏப்ரல் 6

அசாகுசா, பகல் ஆட்டம்.

பேச்சுக்காரர் மேடை சின்னது. இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். ஏறும்போதுதான் கீழே பார்த்தேன். பலகை. நல்ல பலகை, துடைத்து மினுமினுத்தது. படியருகே நின்றுவிட்டேன். "என்ன, ஏறு" என்றார் இவாமி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினேன். உள்ளங்காலில் சில்லென்று இருந்தது.

முதல் மூன்று ரீல் பேசினேன். கீச்சில்லை, நடிப்பில்லை. துணி துவைத்துக்கொண்டே பேசுகிறவள் எப்படிப் பேசுவாளோ அப்படி. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் அதே ஆள் இருந்தான், கிழங்கு தின்றுகொண்டு.

நான்காவது ரீலில் தோமியே அழுதாள். திரை முழுக்க முகம். கண்ணோரத்தில் எதுவும் வைக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதாள். அழகே இல்லை. அந்த இடத்துக்கு நான் பதினாறு வரி எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். இவாமி என் முழங்காலில் இடித்தார். மறுபடி இடித்தார். நான் பேசவில்லை. பேசாமல் விட்டதால் எதுவும் கெட்டுப்போகவில்லை. முன்வரிசைக்காரன் கிழங்கைக் கீழே வைத்துவிட்டான்.

விளக்குப் போட்டதும் இவாமி திட்ட வாயெடுத்தார். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "நாளைக்கும் அங்கே பேசாதே" என்றார்.

வீட்டுக்கு வந்து கிமோனோவை அவிழ்த்துப் போட்டேன். ஒஷிகே அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் கை ஓரத்தில் ஈரம், வரிசையாக என் பல் தடம்.

"இதை யாரு துவைக்கிறது?" என்றாள்.

நானே துவைத்தேன்.