பின்கதவுச் சாவி

போபோடி, பூனா
19 பிப்ரவரி 2006

கோயம்புத்தூரில் இருக்கும் ரவிசந்திரனுக்கு, லூர்துசாமி சொல்லச் சொல்ல மருமகள் ஸ்டெல்லா எழுதுவது.

இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் நலத்தை நான் கேட்கவில்லை. நீ மேனேஜராக இருந்தபோது சார் என்பேன். இனி இல்லை.

உன் கடிதம் வந்தது. 'பெரியவர் நீங்க ஏதோ தியான வகுப்புக்குப் போறீங்களாமே, மனசு இளகியிருக்கும், மன்னிச்சிடுங்க' என்று எழுதியிருக்கிறாய். அந்த வகுப்பு உன் அழுக்கை வெளுக்கிற சலவைக்கடை இல்லை.

விஷ்ராந்த்வாடியில் வியாழன்தோறும் எட்டுப் பேர் வட்டமாக உட்காருகிறோம். ரோஹிணி என்கிற டாக்டரம்மா நடத்துகிறாள். மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்க வேண்டும். 'மூச்சு விடக்கூட டாக்டரா? எருமை தானா விடுதே' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கதவைச் சாத்தினாள். நான் எழுந்து வெளியே ஓடிவிட்டேன். ரஞ்சன்காவ் கம்பெனித் தீயில் என் மகன், ஸ்டெல்லாவின் புருஷன் அமல்ராஜ் போனதிலிருந்து நான் எந்தக் கதவுக்கும் தாழ் போட்டதில்லை. கக்கூஸ் கதவுக்குக்கூட. மருமகள் இருக்கிற வீட்டில் எவ்வளவு கேவலம்! மறுவாரம் டாக்டரம்மா கதவைத் திறந்துவைத்து, என் நாற்காலியை அதை ஒட்டிப் போட்டாள். பிறகு வாரம் ஒரு சாணாகச் சாத்தி வந்தாள்.

ஒருநாள், 'இந்தக் கஷ்டம் உங்க சிநேகிதனுக்கு வந்தா என்ன சொல்வீங்களோ, அதை உங்களுக்கே சொல்லிக்கோங்க' என்றாள். யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன். ஸ்டெல்லாவுக்கு இப்போதுதான் தெரியப் போகிறது.

ஆட்கள் டீக்கடைக்கு நழுவுகிறார்கள் என்று பின்கதவைப் பூட்டச் சொன்னது நீ. பூட்டிய வாட்ச்மேன் நான். பெயிண்ட் தின்னர் டிரம் பற்றிக்கொண்டது செவ்வாய்க்கிழமை, பதினொன்று பத்துக்கு. சாவி என் இடுப்பில், அமல்ராஜ் கதவுக்கு உள்ளே. நான் கதவுக்கு ஓடவில்லை. 'சார், திறக்கட்டுமா' என்று கேட்க உன் ஆபீசுக்கு ஓடினேன். முப்பது வருஷம் கேட்டுக் கேட்டே பிழைத்தவன் கால் அப்படித்தான் ஓடும். நீ ஃபோனில் இருந்தாய். நில் என்று கையைக் காட்டினாய். நீ ஃபோனை வைக்கும்வரை நின்றேன்.

விசாரணையில், 'சாவி வாட்ச்மேன்கிட்ட இருந்துச்சு, எனக்கு ஒண்ணும் தெரியாது' என்றாய்.

வகுப்பில் என் பக்கத்தில் காம்ப்ளே, பஸ் டிரைவர். அவன் வண்டிக்கு அடியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை விழுந்து செத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, 'பாபா, நீங்க நின்னீங்க, சரி. நிறுத்தினது யாரு?' என்று இந்தியில் கேட்டான். அன்று வீட்டுக்கு வந்து கக்கூஸ் கதவுக்குத் தாழ் போட்டேன். உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

இந்த இடத்தில் ஸ்டெல்லாவின் பேனா நின்றுவிட்டது. பிறகு, 'அடுத்து என்ன எழுதணும் மாமா?' என்றாள். அதையும் எழுதச் சொன்னேன்.

என் பங்கை அவள் கையாலேயே எழுதியாயிற்று. உன் பங்கை நீ எழுது. பூட்டச் சொன்னது, கையைக் காட்டியது, இரண்டும் உன் கையெழுத்தில், ஸ்டெல்லா பேருக்கு வர வேண்டும்.

வகுப்பில் கடைசியாக, கெடுத்தவனையும் நினைத்து 'நல்லாயிரு' என்று சொல்கிறார்கள். வராவிட்டால் விட்டுவிடலாம் என்கிறாள் டாக்டரம்மா. எனக்கு வரவில்லை. இவ்வளவுதான் வருகிறது: அதை எழுதி முடிக்கும்வரை உனக்கு ஆயுசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
லூர்துசாமி
(இடது பெருவிரல் ரேகை)